நண்டு தின்ற நாள்கள்

2024ஆம் ஆண்டு நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பத்து மணி. பெருநகர் என்ற கிராமத்து விவசாயி புருஷோத்தமனுக்கு வயது அறுபத்தொன்று. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உத்திரமேரூரில் அன்று வாங்கிய இரத்தப் பரிசோதனைத் தாளில் கெட்ட கொழுப்பு 152 என்றிருந்தது. ஆகஸ்டில் அது 68.

டாக்டர் வகிதாவின் அறைக்கு வெளியே புருஷோத்தமனின் மனைவி ஜெயம்மாள் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் வயல் நண்டு. வரப்பு வளையில் கைவிட்டுப் பிடித்தவர் அவர். நசுக்கி, மிளகு தட்டி, ரசம் வைத்தவள் அவள். சளிக்கு நல்லதென்று இரண்டாவது கிண்ணமும் ஊற்றினாள். நண்டு முழுக்கக் கொழுப்பு என்று பேருந்தில் யாரோ சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. என் கையாலேயே இவரைக் கொன்றுகொண்டிருக்கிறேனா? எட்டு மாதத்துக்கு முன்பு களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சரிந்தபோது, முகம் சாம்பலாய் வெளுத்திருந்தது.

“இன்னாடி, பேயைப் பாத்தா மாரி கீற?” என்றார் புருஷோத்தமன்.

“நெஞ்சு வலிக்குதாய்யா?”

“பசிக்குது.”

உள்ளே போனதும் ஜெயம்மாள் முந்திக்கொண்டாள். “நண்டு ஆக்கிப் போட்டது நாந்தாம்மா.”

டாக்டர் தாளை இருமுறை படித்தார். “நண்டு, இறால்ல கொலஸ்ட்ரால் இருக்கு. ஆனா நிறைய பேருக்கு அதால ரத்தத்துல இவ்ளோ ஏறாது. நெய், கொழுப்புக் கறி, இதெல்லாந்தான் அதிகமா ஏத்தும். கொழுப்பு மாத்திரை தினமும் போடுறீங்களா?”

“நண்டு துன்ற அன்னிக்கு எப்டிம்மா போடுறது? பத்தியம் கெட்டுடாதா? நாட்டு மருந்துக்கே நண்டு ஆவாது.”

“ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை?”

“எல்லாத்தையுந்தான் வுட்டேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அதை விட்டதால ஸ்டென்ட் அடைச்சிருந்தா நீங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க, ஐயா.”

ஜெயம்மாளுக்கு நண்டு மறந்துபோயிற்று. வாரத்துக்கு நான்கு நாள், ஒரு மாதம். அத்தனை நாளும் அவர் ஏப்பம் விட்டுப் படுத்தார்; அவளும் பக்கத்திலேயே நிம்மதியாகத் தூங்கினாள். ஈசிஜி எடுத்து முடியும்வரை அவர் கால் கட்டைவிரலைப் பிடித்தபடியே நின்றாள். புதிதாகக் கோளாறு எதுவும் தெரியவில்லை.

முடிவானது இது: எதைத் தின்றாலும், மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல் போட வேண்டும். நண்டு வாரத்துக்கு ஒரு நாள், ரசமாக மட்டும். ஆறு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையை ஜெயம்மாளே எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்குவதைப் பார்த்த பிறகே அங்கிருந்து நகர வேண்டும்.