கமிட்டி எடுத்த வெட்டுக்கத்தி

எங்கள் ஆபீஸில் ஒரு வெட்டுக்கத்தி வாங்க ஐந்து மாதம் ஆனது. அவசரப்பட்டு வாங்கிவிட்டோம் என்று இன்றைக்கும் மேனேஜருக்கு ஒரு குறை உண்டு.

சாலையோரப் புதர் வெட்டுகிற பிரிவு எங்களுடையது. முள்ளும் கொடியும் சாலைக்குள் எட்டிப் பார்த்தால் போய் வெட்டவேண்டும். வெட்டுகிறவர்கள் ஆறு பேர். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தியால்தான் இத்தனை வருடமும் வெட்டினார்கள். ஒரு புகாரும் வந்ததில்லை. புகாரே இல்லாமல் ஒரு வேலை நடக்கிறது என்றால் மேலிடத்துக்குத் தூக்கம் வருமா? பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். ஆறு பேர் கையிலும் ஆறு விதமான கத்தியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. "ஒழுங்கு இல்லை" என்று எழுதிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இனி எல்லோருக்கும் ஒரே கத்தி, சொந்தக் கத்தி கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு வந்தது. கத்தியைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். மேனேஜர், இன்ஜினியர், பாதுகாப்பு அதிகாரி என்று மூன்று பேர். மூன்று பேரும் வாழ்க்கையில் வெட்டிய ஒரே பொருள் பிறந்தநாள் கேக். நான் ஸ்டோர் கீப்பர் என்பதால், பேசுவதை நோட்டில் எழுதவும் டீ சொல்லவும் என்னையும் ஓர் ஓரமாக உட்காரவைத்தார்கள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம், அதை ஏன் மறைக்க வேண்டும்? வெட்டுகிற ஆறு பேரில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா. பதினோரு வருடமாகத் தற்காலிக ஆள். அந்த வருடம் நிரந்தர இடம் ஒன்றே ஒன்று வந்திருந்தது. புதுக் கத்தி வந்ததும் ஒரு போட்டி, ஒரு மணி நேரத்தில் யார் அதிக தூரம் வெட்டுகிறார்களோ இடம் அவருக்கு என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். வேகத்தில் அக்காவை அடிக்க மற்ற ஐந்து பேரில் ஆள் கிடையாது. அவள் புருஷன், எங்கள் மாமா, நுரையீரல் கெட்டு ஒரு வருடமாக வீட்டோடு கிடக்கிறார். அக்கா நிரந்தரமாகிவிட்டால் அவர் வைத்தியத்தை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். கத்தி மட்டும் உருப்படியாக வந்துவிட்டால் போதும். அதனால் இந்த விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் கூட்டத்தில் கத்தி என்றால் என்ன என்று பேசினார்கள். கிண்டல் இல்லை, நோட்டில் இருக்கிறது. இரண்டாவதில் நீளம். இன்ஜினியர் ஸ்கேலை மேசைமேல் வைத்து, பதினைந்து அங்குலமா பதினாறா என்று ஒன்றரை மணி நேரம் உயிரை வாங்கினார். மூன்றாவதில் பாதுகாப்பு அதிகாரி வாயைத் திறந்தார்.

"கூர்மை கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லது."

"வெட்டணுமே சார்," என்றேன்.

"வெட்டட்டும், யாரு வேணாம்னா? கையைக் கிழிக்காம வெட்டட்டும்."

மேனேஜர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். குறட்டை வரவில்லை என்பதால் யோசனை என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் பிடியின் நிறம். மரப்பிடி பழைய மாதிரி இருக்கிறதாம். ஆரஞ்சு ரப்பர் பிடி என்றால் புதருக்குள் தொலைந்தாலும் பளிச்சென்று தெரியுமாம். தொலைப்பதற்கென்றே கத்தி வாங்குகிற ஆபீஸ் எங்களுடையதாகத்தான் இருக்கும். இதற்கே இரண்டு கூட்டம் ஆனது.

நாலாவது மாதம் ஒரு கடைக்காரர் ஏழு கத்திகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். மேனேஜர் ஒன்றை எடுத்துப் பென்சில் சீவிப் பார்த்தார். இன்ஜினியர் இன்னொன்றால் தபால் கவரைப் பிரித்தார். பாதுகாப்பு அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல் தள்ளி நின்றார். வெளியே போய் ஒரு கிளையை வெட்டிப் பார்க்கலாமே என்றேன். வெயில் அதிகம் என்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏழையும் சாக்கில் போட்டுக்கொண்டு ஆபீஸின் பின்பக்கம் போனேன். அங்கே யாரும் கமிட்டி போடாததால் முள்மரம் செழிப்பாக வளர்ந்திருந்தது. ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தேன். ஒன்று தகடு மெலிசு, கிளையில் பட்டதும் துள்ளியது. ஒன்று இரும்புலக்கை கனம், நாலு வீச்சில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஒன்றில் பிடி என் கையிலும் கத்தி மரத்திலும் இருந்தது. ஆறாவது கத்திதான் கத்தி. முனைப்பக்கம் கனம், பிடி வழுக்கவில்லை, மணிக்கட்டுப் பருமன் கிளை ஒரே வீச்சில் விழுந்தது.

கடைக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். "இதுல ஒரு பக்கம் மட்டும்தான் தீட்டியிருக்கும். மறுபக்கம் தட்டை. அதான் தண்டோட ஒட்டிச் சீவுது. ஆனா வெட்டற ஆளுங்களை ஒருதரம் பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, அதுதான் நல்லது."

"எல்லாம் நம்ம ஆளுங்கதான். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

கமிட்டிக்கு அன்றைக்கு ஏக சந்தோஷம். "ஸ்டோர் கீப்பரே வெட்டிப் பார்த்துச் சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்றார் மேனேஜர். தப்பானால் பிடித்து உலுக்க ஓர் ஆள் கிடைத்த நிம்மதி அவருக்கு. 'ஸ்டோர் கீப்பரின் பரிந்துரைப்படி' என்று நோட்டில் எழுதச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கத்திகள் வந்து இறங்கிய அன்று நேராக அக்கா வீட்டுக்குப் போய் அளந்து தள்ளினேன்.

"அவ்வளவு நல்லா இருக்கா? ஒரு நாள் கொண்டு வாடா, கையில பிடிச்சுப் பார்க்கறேன்," என்றாள்.

"போட்டிக்கு முன்னாடி ஸ்டோரை விட்டு வெளியே எடுக்கக் கூடாதுக்கா. ரூல்."

ஆபீஸ் ரூலை எல்லாம் நாள் முழுக்க நக்கலடிக்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் ரூலைக் காப்பாற்றினேன்.

போட்டி நாள் காலையில் சாலையோரம் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். ஆளுக்குக் கொஞ்சம் புதர் அளந்து கயிறு கட்டியிருந்தது. அக்காவுக்கு அடுத்த இடம் கொட்டாவிக்கு. இரண்டு கொட்டாவிக்கு நடுவே ஒரு வெட்டு வெட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர். ஆரஞ்சுப் பிடியை அவன் ஏதோ பரிசு வாங்கியவனைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இன்ஜினியர் விசில் ஊதினார்.

ஐந்து கத்திகள் ஒரே மாதிரி சத்தம் போட்டன. ஆறாவது சத்தம் வேறு. திரும்பினேன். அக்காவின் கத்தி தண்டில் இறங்கவில்லை, பட்டு வெளியே சறுக்கியது. மறுபடி ஓங்கினாள். கத்தி சறுக்கி அவள் முழங்காலுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போனது.

கத்தி அவளுடைய இடது கையில் இருந்தது.

வேறு எந்தக் கையில் இருக்கும்? அவள் பிறந்ததிலிருந்து இடதுகைக்காரி. குழம்பு கிண்டுவது, பூட்டுத் திறப்பது, என் முதுகில் ஒன்று வைப்பது எல்லாம் அந்தக் கையால்தான். நான் எடுத்த கத்தியின் தட்டைப் பக்கம் வலதுகைக்காரர்களுக்கு மரத்தோடு ஒட்டும். இடது கைக்கு மாறினால் தீட்டிய சரிவு மரத்தில் மோதி வெளியே தள்ளிவிடும். அவளுடைய பழைய கத்தி இரண்டு பக்கமும் தீட்டியது. பதினாலு கூட்டத்தில் எத்தனை அங்குலம் என்று கேட்டோம், என்ன நிறம் என்று கேட்டோம், எந்தக் கை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மற்ற மூன்று பேருக்கு அவள் இடதுகைக்காரி என்று தெரியாது. எனக்கு?

அக்கா நின்றாள். கத்தியின் வாயைப் பெருவிரலால் ஒரு தடவை தடவினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா, கத்தியில ஏதாவது குறையா? உங்க தம்பி எடுத்ததுதான்," என்றார் இன்ஜினியர், மேனேஜருக்கும் கேட்கிற மாதிரி.

"கத்தி நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான் இன்னைக்கு ஓடல."

கத்தியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள். பழகாத கை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. ஊருக்கெல்லாம் ஒரு குத்தல் வார்த்தை வைத்திருக்கிற எனக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், வேறு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரமும் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசில் ஊதிய பிறகுதான் வீரம் வந்தது.

"சார், இந்தக் கத்தி இடது கைக்கு ஆகாது. தப்பு என்னோடது. அவங்க பழைய கத்தியைக் குடுத்து இன்னொரு தடவை வைங்க சார்."

"போட்டி முடிஞ்சப்புறம் சொன்னா? எழுதிக் குடுங்க, பரிசீலிக்கலாம்," என்றார் மேனேஜர்.

எழுதிக் கொடுத்தேன். பரிசீலித்தார்கள். நிரந்தர இடம் கொட்டாவிக்குப் போனது, ஆச்சரியத்தில் அவனுக்கு வாய் மூடவில்லை. இடதுகைக் கத்தியைத் தேர்ந்தெடுக்கப் புதிதாக ஒரு கமிட்டி போட்டார்கள், அனுபவம் உள்ளவன் என்று என்னையும் அதில் சேர்த்தார்கள்.

சாயந்தரம் கத்தியைத் திருப்பிக் கொடுக்க அக்கா ஸ்டோருக்கு வந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கத்தியில் ஒட்டியிருந்த செடிப்பாலைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

"ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"எனக்குத்தான் இடம் இல்லைன்னு ஆயிடுச்சு. உன்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிட்டா மாமாவுக்கு மாத்திரை யாருடா வாங்குவா?"

"எனக்குத் தோணவே இல்லக்கா. சத்தியமா தோணல."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சின்ன வயசுல ஒரே மேசையில வீட்டுப்பாடம் எழுதுவோமே. அக்கா முழங்கை இடிக்குது, என் எழுத்து கோணிக்கிட்டுப் போகுதுன்னு தினமும் அம்மாகிட்ட போய் அழுவ."

"ஆமாக்கா."

"அது எந்தக் கைடா?"