தொண்டையில் இரண்டு விரல்

லைலாவுக்கு ஐந்து வயதில் வந்த காய்ச்சல் காதையும் பேச்சையும் கொண்டு போய்விட்டது. மூத்தவள், ராத்தா சபூறாதான் கையாலேயே அவளுக்கு ஒரு பாஷை உண்டாக்கிக் கொடுத்தாள். மாடு என்று சொல்லக் கொம்பு காட்டி, பால் கறந்து காட்ட வேண்டும். எதையும் முழுதாகக் காட்ட வேண்டும், நேரம் எடுக்கும். ஆனால் மருதமுனையில் அந்தத் தெருவில் எல்லோருக்கும் விளங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் கலந்தர் லைலாவுக்கு மாப்பிள்ளையாக அந்த வீட்டு வளவுக்கு வந்தான். தோணிக்காரன், அவசரக்காரன். அவனைச் சொல்ல லைலா அலை காட்டி, வலை இழுத்து, தாடி தடவ வேண்டியிருந்தது. அவன் சிரித்தபடி அவளுடைய இரண்டு விரலைப் பிடித்து, தாடிக்குக் கீழே தன் தொண்டையில் மறைந்திருந்த மச்சத்தில் வைத்தான். அன்றிலிருந்து அவள் தன் தொண்டையைத் தொட்டால் அது அவன். இப்படி ஒவ்வொன்றாகச் சுருக்கினார்கள். லைலா அவ்வளவு சிரித்து யாரும் கண்டதில்லை.

சபூறாவுக்குப் பிடிக்கவில்லை. "மச்சான், இவள் என்ன கதைக்காள் எண்டு இப்ப எனக்கே விளங்குதில்ல. பழைய மாதிரியே உடுங்களன்."

"ஒண்டச் சொல்ல மூணு தரம் கையாட்டோணுமா மச்சி? எங்க ரெண்டு பேருக்கும் விளங்கினாக் காணும்."

மறு வருடம் மீன்பிடிக் காலத்தில் அவன் பொத்துவிலுக்குப் போனான். செய்தி கிடைத்து ஓடி வந்தபோது லைலா இறந்து, மையித்தை அடக்கியிருந்தார்கள்.

"காய்ச்சல்தானே, மாறிரும் எண்டு இருந்தம்," என்றாள் சபூறா. "மூணு நாளும் தண்ணிதான் கேட்டாள். இப்புடி." தொண்டையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். "குடுத்தா முகத்தத் திருப்புறாள். திரும்பவும் அதையே காட்டுறாள். தேத்தண்ணி, இளநி, எல்லாம் குடுத்துப் பாத்தம்."

பொத்துவில் பஸ்ஸில் அரை நாள் தூரம்தான். ஓம், தண்ணிதான் என்று சொல்லிவிடக் கலந்தர் நினைத்தான். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"தண்ணி இல்லயா மச்சான்?"

"என்னயத்தான் கேட்டிரிக்காள், மச்சி."

சபூறா ஏசவில்லை. மணலில் அப்படியே குந்தினாள். "நான் அவள்ற வாயத் திறந்து ஊத்தினனே," என்றாள். பிறகு முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இறந்தவளுக்காக நாற்பதாம் நாள் ஓதும் கத்தம் வரைக்கும் அவனுக்குச் சோறு சபூறா வீட்டிலிருந்துதான் வந்தது. அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் அவன் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதில் உம்மாவிடம் போனான். உம்மா எத்தனையோ இடத்தில் பெண் பேசினாள். ஒன்றுக்கும் அவன் ஓம் சொல்லவில்லை.