சோயாவுக்குள் எலும்பு

சோயா மீட்டுக்குள் எலும்பு இருக்கும் என்று பொன்னையா சத்தியம் செய்வார். சும்மா எலும்பில்லை, கடித்துச் சப்பித் துப்பிய, பல் பதிந்த எலும்பு. கேட்டவர்கள் சிரித்தால் அவருக்குக் கோபம் வராது. இறம்பொடை அருவி ஒரு பகல் முழுக்க மேல்நோக்கி ஓடியதைப் பார்த்தவர் அவர். சுருட்டுப் புகையாலேயே ஒரு சிறுத்தையைத் தும்ம வைத்துத் துரத்தியவர். கந்தப்பளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவர் சொல்வதில் பாதியைக் கழித்து, மிச்சத்தையும் காற்றில் ஊதிவிட்டுத்தான் ஆட்கள் தேத்தண்ணி குடிப்பார்கள்.

ஜெயந்தினி அந்த மிச்சத்தைக்கூட நம்பாதவள். குவைத்தில் யாரோ வீட்டுச் சமையலறையில் இளமையைக் கழுவி ஊற்றிவிட்டுத் திரும்பியவள். வந்திறங்கிய அன்று மகள் பிரியந்தி அவளை ‘அன்ட்டி’ என்று கூப்பிட்டாள். இனிச் செத்தாலும் வெளிநாடு இல்லை என்று அன்றே முடிவெடுத்து, கொழுந்து அரைத்த காலம் போய் மூடிக் கிடந்த தேயிலை ஸ்டோரின் கீழ்க்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, சோயா மெழுகில் மெழுகுதிரியும் சோயா எண்ணெயில் சவர்க்காரமும் செய்யத் தொடங்கினாள். தோட்டத்து லயங்களில் குடியிருந்த பெண்கள் சிலர் கூட வேலை செய்தார்கள். பொன்னையா காவல். அதே கூடத்தில் கொழுந்து உருட்டும் ரோதை மெஷின்களை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வந்த முதல் வாரத்திலேயே சோயாவைப் பற்றி அத்தனையும் தெரிந்துகொண்டார். பலகை ஒட்டும் பசை சோயா, பேப்பர் அச்சடிக்கும் மை சோயா, காருக்குள் உட்காரும் மெத்தை சோயா, இப்படியே போனால் துரைமாரைக்கூட சோயாவில் செய்துவிடுவார்கள் என்றார்.

முதல் சுமையை, ஆர்டர் கொடுத்த நுவரெலியா ஹோட்டல் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு மெழுகுதிரியின் தலையிலும் வெள்ளையாக ஒரு கறை. சோயா மெழுகு குளிரில் வெள்ளையாகப் பூக்கும், அது ஜெயந்தினிக்குத் தெரியும். அடுத்த வார்ப்பைச் சாக்குப் போட்டு மூடினாள், பக்கத்தில் அடுப்பு வைத்தாள். காலையில் சாக்கை நீக்கியபோது தட்டு நிறைய அதே கறை. கூட வேலை செய்த வேலாயிதான் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தனித்தனியாக எடுத்தால் கறை. தட்டோடு பார்த்தால் ஒரு கை. முறம் அகலத்துக்கு உள்ளங்கை. சூடு ஆறுமுன் யாரோ அமுக்கிப் பார்த்த மாதிரி.

பொன்னையாவுக்குக் கொண்டாட்டம். இது ரோதைமுனி என்றார். இந்தக் கூடத்தில் ரோதை ஓடிய காலமெல்லாம் முனிக்குக் கெடா வெட்டி, கறி படைத்துத்தான் சுவிச்சைப் போடுவார்கள். ரோதைகளை இரும்புக் கடைக்கு ஏற்றியபோது முனியிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர் போக இடமில்லாமல் இங்கேயே பசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஜெயந்தினி அவரை முறைத்தாள். இன்னொரு சுமை கெட்டால் ஹோட்டல் வேறு ஆளைப் பார்க்கும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஹட்டன் ஏஜென்ட் ஏற்கெனவே இரண்டு தரம் போனில் கோல் எடுத்துவிட்டான், குவைத்தில் நல்ல வீடு இருக்கிறதென்று. இந்த நேரத்தில் முனியாவது சனியாவது. ஆனால் பெண்கள் கூடத்துக்குள் கால் வைக்க மறுத்தார்கள். படையல் போடலாமென்றால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. திருவிழா முடியும்வரை தோட்டத்துக்குள் கறி வாசமே வரக்கூடாது. வழி சொன்னவர் பொன்னையாதான். சோயா மீட்டைக் கறி மாதிரியே சமைப்போம், சாமிக்கு என்ன தெரியவா போகிறது?

அவர் வாயை அடைக்கவே ஜெயந்தினி தன் கையால் சமைத்தாள். தூள் தூக்கலாக, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு. கூடத்தின் நடுவில் இலை விரித்துக் கொட்டினாள். சாராயத்துக்குப் பதில் சோயாப் பால். பொன்னையா கும்பிட்டு, முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்த அசைவுகூட இல்லாமல் சொன்னார்: “தலச்சன் கெடா சாமி. நல்லா மேஞ்ச கெடா.”

படையலுக்குச் சாமி இறங்கும்போது பார்க்கக் கூடாது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜெயந்தினி வாசல்படியில் உட்கார்ந்தாள். பக்கத்திலேயே பொன்னையா. உச்சிவேளை. மூடுபனி இறங்கி, வெட்டி மூட்டை கட்டலாம் போலத் தடித்து நின்றது.

முதலில் படி அதிர்ந்தது. பிறகு உள்ளே, ரோதைகள் போய் வெறும் போல்ட்டுகள் மட்டுமே துருத்தி நிற்கும் தரையிலிருந்து, கனமான ஏதோ சுற்றத் தொடங்கும் சத்தம். மெதுவாக, ஒரே சீராக. பச்சைக் கொழுந்து நசுங்கும் வாசம் வந்தது. அதற்குமேல், அவசரமில்லாமல், மொறுக் மொறுக்கென்று யாரோ மெல்லுகிற சத்தம்.

அவள் பொன்னையாவைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து வாய் ஓயாத மனிதர் வாயை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சத்தம் நின்றபின் திறந்தாள். இலை கழுவியது போலச் சுத்தம். ஓரத்தில் ஒழுங்காக ஒதுக்கி வைத்த எலும்புகள். விலா, முழங்கால், நுனி கடித்து உறிஞ்சிய நல்லி. எல்லாவற்றிலும் பல் தடம். ஒன்றைக் கையிலெடுத்தாள். உள்ளங்கைச் சூட்டில் அது மெல்ல வழுக்கியது. அடுப்பருகே வைத்ததும் உருகி ஓடியது. சோயா மெழுகு.

பொன்னையாவுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. “பொய்க் கறி போட்டோம். பொய் எலும்பத் துப்பிட்டாரு. எனக்கு மேல வெளயாட்டுக்காரரா இருக்காரே.”

மறுநாள் வார்த்தவை கண்ணாடி மாதிரி வந்தன. இதை வெளியே சொல்லாதீர்கள் மாமா என்று ஜெயந்தினி கெஞ்சினாள். மூடுபனியை இறங்காதே என்று கெஞ்சியிருக்கலாம். தோட்டம் முழுக்கக் கேட்டுச் சிரித்தது. அவளிடம் விசாரித்தவர்களுக்கு, கிழவர் ஏதோ வித்தை காட்டினார் என்று சொல்லிவைத்தாள். கிழவர் படியைவிட்டு எழவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஹோட்டலுக்குச் சாமான் வாங்கும் யோகேஸ்வரன் கூடத்துக்கே பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் முகர்ந்து பார்த்தே எடுப்பவர். மெழுகுதிரிகள் அவருக்குப் பிடித்துப்போயின. வேலாயி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் பொன்னையா எலும்புக் கதையை அவிழ்த்துவிட்டார். யோகேஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

“பிள்ளை, இந்த மனுசன் எலும்பு எண்டுறார். இதுக்கை மிருகக் கொழுப்பு ஏதும் கலக்கிறியளோ? எங்கட இடத்துக்குச் சைவ ஆக்கள் கனபேர் வருவினம். முழுக்கச் சோயா எண்டு நீங்கள் சொன்னாக் காணும், இப்பவே ஏத்துறன்.”

“மாமா சும்மா கத விடுறாருங்க சார்,” என்று ஜெயந்தினி தொடங்கினாள். “அப்புடி ஒன்னும்...”

காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. யோகேஸ்வரனுக்குப் பின்னால் இருந்த தட்டில், கண்ணாடி போலிருந்த மெழுகுதிரிகளின் தலை ஒவ்வொன்றாக வெளுத்தது. ஒரு விரல். இன்னொரு விரல். பொன்னையாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வாயை மூடிக்கொண்டு.

அவள் தொடங்கியதை அங்கேயே விட்டாள்.

“இல்லீங்க சார், நடந்துச்சு,” என்றாள். வெளுப்பு நின்றது. “எலும்பு இருந்துச்சு, என் கையாலதான் பொறுக்குனேன்.” விரல்கள் ஒவ்வொன்றாக மங்கின. “ஆனா அத்தனையும் சோயாதாங்க.”