பூஜைக்கு வைத்த வெல்டிங் மெஷின்

வாழையிலையில் பொரியும் கடலையும் பரப்பிக்கொண்டிருந்த கலாவதி, வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். இறங்கியவர் இளைஞர் துறை அதிகாரி நல்லசாமி. மாநிலத் தலைநகரான ஷா ஆலாமிலிருந்து வந்திருந்தார். ஆயுத பூஜையும் அதுவுமாக எந்த அதிகாரி சோதனைக்கு வருவார் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். அரசாங்கக் காலண்டரில் ஆயுத பூஜை என்று ஒரு நாள் கிடையாது என்பது அவரைக் கண்டதும்தான் உறைத்தது.

அசாம் ஜாவா ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில், ஒரு காலத்தில் பால்மரத்துக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகை அது. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு ஆளும் குறைந்தது, தொட்டிலும் குறைந்தது. தோட்டத்துப் பாலர் வகுப்பில் டீச்சராக இருந்த கலாவதி, அந்தக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, பள்ளியை விட்டு நின்ற பன்னிரண்டு பேருக்கு வெல்டிங் வகுப்பு தொடங்கினாள். எஸ்.ஆர்.பி. பள்ளித் தேர்வில் தோற்றவர்கள், தேர்வுக்கே போகாதவர்கள். அரசாங்கம் மானியம் கொடுத்தது. கொடுத்த விதம்தான் விசித்திரம். மெஷின் வாங்கலாம், மெஷினுக்குக் கரண்டு இழுக்க வயர் வாங்கக் கூடாது. வாத்தியாருக்குச் சம்பளம் தரலாம், அவர் வந்துபோகும் பஸ்ஸுக்குத் தரக் கூடாது. இந்தக் கூத்துக்கெல்லாம் ஈடுகொடுத்து, வயருக்குத் தன் சங்கிலியை அடகு வைத்து, தோட்டத்து மெனேஜரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, வாரத்தில் மூன்று பிற்பகல் மட்டும் ஜெனரேட்டரை ஓடவிட அனுமதி வாங்கியிருந்தாள். மற்றபடி தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் கரண்டு.

பாதி வருடத்துக்கான மானியம் தீர்ந்துவிட்டது. மறுபாதி வந்தால்தான் பிள்ளைகள் தேர்வு எழுதி சர்டிபிகேட் வாங்க முடியும். கிள்ளானில் தொழிற்சாலைகள் ஆளைக் கழித்துக்கொண்டிருந்த வருடம் அது. சர்டிபிகேட் இருப்பவனுக்கே கதவு திறக்கவில்லை, இல்லாதவன் கதவைத் தட்டவே வேண்டாம்.

நல்லசாமி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். மெஷினுக்கு மாலை, சுத்தியலுக்குச் சந்தனம், முகமூடியின் கறுப்புக் கண்ணாடியில் குங்குமப் பொட்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரியானார்.

"செவ்வாய்க்கிழமை கிளாஸ் உண்டுன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"உண்டு சார். இன்னிக்கு மட்டும்... பூஜையில வச்சிட்டோம். நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுப்போம். நாளைக்கு வாங்க சார், பன்னண்டு பேரும் வேலை செய்யுறத காட்டுறேன்."

"நாளைக்குக் காலையில மீட்டிங். யாருக்கு மானியம், யாருக்கு இல்லன்னு முடிவு பண்ணிருவாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் ரிப்போர்ட்ட குடுத்தாகணும். மெஷின் ஓடுறத கண்ணால பார்த்தேன்னு எழுதணும்."

பிள்ளைகள் செய்த கோயில் கேட்டைக் காட்டினாள். அவர் அதைத் தடவிப் பார்த்தார். போன வருடம் வேறொரு இடத்தில் கடையில் வாங்கிய கேட்டைக் காட்டிவிட்டு மானியத்தைச் சுருட்டியவர்கள் இருக்கிறார்கள், அதனால் செய்த சாமானைப் பார்த்தெல்லாம் எழுதக் கூடாது என்றார்.

"நீங்களும் நம்ம ஆளு சார். உங்க காருக்கே சந்தனம் வச்சிருக்கே."

அவர் முகம் சுருங்கியது. "அதாம்மா பயமே. பூஜைன்னு நிறுத்தியிருந்தாங்கன்னு எழுதினா, அவன் ஆளுக்கு அவன் சப்பைக்கட்டு கட்டுறான்னு சொல்லுவாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் போட்டுக் காட்டுங்க லா. கண்ணால பார்த்துட்டுப் போயிடுறேன்."

காலையில் பூஜை போட்ட காரைப் பிற்பகலிலேயே ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு அது எளிது. கலாவதி, வெல்டிங் வாத்தியார் தங்கராஜுவைப் பார்த்தாள். கிள்ளானில் கப்பல் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பூஜை வைக்காமல் விட்ட ஒரு வருடம் கூட்டாளிக்குக் கண் போனதாகச் சொல்வார். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"என் கையால எடுக்க மாட்டேன் டீச்சர். என்னை மன்னிச்சிருங்க."

பிள்ளைகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். கலாவதிக்கும் பயம்தான். ஆனால் மறுபாதி மானியம் போனால் இந்தப் பன்னிரண்டு பேரும் நாளைக்கு எங்கே போவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. கையைக் கூப்பினாள். பிறகு மாலையைத் தூக்கினாள். சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள். வகுப்பில் இருந்த ஒரே பெண்பிள்ளை ரமணி மட்டும் முன்னால் வந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு, வெல்டிங் கம்பியைப் பிடியில் செருகினாள்.

"நான் பத்த வைக்கிறேன் டீச்சர்."

சுவிட்சைப் போட்டார்கள். இரும்பில் கம்பியை உரசினாள். ஒன்றுமில்லை. மறுபடி உரசினாள். தீப்பொறி வரவில்லை. அப்போதுதான் கலாவதிக்குத் தெரிந்தது, ஜெனரேட்டரின் சத்தமே கேட்கவில்லை என்று. இன்று வகுப்பு இல்லை, இன்ஜின் போட வேண்டாம் என்று நேற்றுச் சொல்லி அனுப்பியது அவளேதான்.

இன்ஜின் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே இன்ஜின் பார்த்துக்கொள்ளும் உடையப்பன் தன் தெய்வத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வாழையிலையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை பூஜையன்றுதான் இன்ஜினுக்கு முழுக்கு.

"அண்ணே, கரண்டு வேணும். அஞ்சே நிமிஷம்."

"என்னா டீச்சர் வெளையாடுறீங்க? பூட்டி முடிக்கவே ஆறு மணி ஆவும். நீங்கதான இன்னிக்கு வேணாம்னு சொன்னீங்க?"

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாமியையும் விட்டாயிற்று, கரண்டும் இல்லை. இரண்டுங்கெட்டானாக நின்ற அந்த நேரத்தை நினைத்தால் பிறகு எத்தனையோ நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்தபோது நல்லசாமி கிளம்பத் தயாராக நின்றார். பொரிப் பொட்டலத்தைத் தங்கராஜு கொடுக்க, வாங்கிக்கொண்டார். "பார்க்கிறேம்மா" என்றார். அவர் என்ன பார்ப்பார், பார்க்க வேண்டியதைத்தான் பார்க்கவில்லையே.

மெஷின் இயங்கவில்லை, பயிற்சி நடைபெறவில்லை என்று அவர் எழுதினார். பொய் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முன்பே மானியம் நின்றது. கலாவதி கோலா சிலாங்கூர் மாவட்ட அலுவலகத்துக்கும் ஷா ஆலாமுக்கும் பஸ் ஏறி ஏறி இறங்கினாள். எல்லா மேசையிலும் உட்காரச் சொன்னார்கள், எல்லா மேசையிலும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் தோட்டத்தில் யாரும் நல்லசாமியைத் திட்டவில்லை. பூஜையில் வைத்ததைத் தொட்டதால் வந்த வினை என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் ரமணியின் அம்மா காளியம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"நீ தொட்டது பத்தாதுன்னு எம்மவளையும் தொட வச்சியே, நல்லா இருப்பியா நீ?"

கலாவதியின் குடம் நிறைந்து வழிந்தது. அவளுக்கே அது உண்மையோ என்று தோன்றத் தொடங்கியிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

பிறகு மெஷினை வேறு வகுப்புக்குக் கொண்டுபோக லோரி வந்தது. பிள்ளைகளே தூக்கி ஏற்றினார்கள். தங்கராஜு கிள்ளானுக்குப் போனவர் போனவர்தான். பையன்களில் சிலர் தோட்டத்து வேலைக்கு ஆள் எடுக்கும் மண்டோரிடம் பெயர் கொடுத்தார்கள், சிலர் வேலை தேடி ராவாங் பக்கம் போனார்கள்.

ஒரு காலை, பாலர் வகுப்புக்குப் போகும் வழியில், செம்பனை வரிசைக்குள் ரமணியைக் கண்டாள். அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கலாவதி தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கூட்டினாள்.

"டீச்சர்!"

ரமணி கோணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வகுப்பில் கொடுத்த வெல்டிங் கையுறைகளை முழங்கைவரை போட்டிருந்தாள். முள் குத்தாமலிருக்க. தோல் முழுக்கப் பழத்தின் எண்ணெய் ஏறிச் சிவந்திருந்தது. மூச்சு வாங்க நின்றவள், அவசர அவசரமாக அவற்றை இரண்டு கையிலிருந்தும் உருவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள்.

"இதையும் கேக்கிறாங்களா டீச்சர்?"