ஐந்து விரல்களும் அசைகின்றன

மாவுக்கட்டை அறுத்துப் பிரித்ததும் அப்பாவின் இடது கால் கத்திரிக்காய் நிறத்தில் வெளியே வந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் பளபளவென்று வீங்கி, கொப்புளம் கொப்புளமாக. வார்டு உதவியாளர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மகள் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்பா இறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் நடந்து இது மூன்றாம் நாள். காலுக்குள் ரத்த ஓட்டம் நின்று, சதை செத்து, அந்த நஞ்சு இதயத்தை நிறுத்திவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலை யாரோ உள்ளிருந்து திருகுகிற மாதிரி இருக்கிறது என்று நேற்றெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மூன்று தடவை ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னாள். ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

சிகிச்சையில் குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் உடலை உடனே எடுத்துக்கொண்டு போகலாம். அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டான். அவளோ கட்டில் காலடியில் தொங்கிய கேஸ் ஷீட்டை உருவினாள். மணிக்கு ஒரு தடவை கால்விரலைத் தொட்டுப் பார்த்து எழுதுகிற தாள். நிறம், சூடு, நாடி, அசைவு. எல்லாக் கட்டத்திலும் டிக். ஓரத்தில், மணி தவறாமல்: 'ஐந்து விரல்களும் அசைகின்றன.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலில் இரண்டு விரல்களைப் பட்டறை எந்திரம் தின்று இருபது வருஷம் ஆகிறது. எட்டு விரலுக்குத் தகுந்த விலை சொல்லு என்று செருப்புக் கடையில் அப்பா பேரம் பேசுவார்.

நர்ஸைக் கூப்பிட்டாள்.

"இது உங்க எழுத்துதானே சிஸ்டர்?"

"ஆமா."

"அப்போ விரலைத் தொட்டு எண்ணுங்க. சத்தமா."

நர்ஸ் குனிந்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு."

"மிச்சம் ரெண்டும் நேத்து அசைஞ்சுதே. இன்னிக்கு எங்க போச்சு?"

நாற்பது கட்டிலுக்குத் தான் ஒருத்திதான் என்றும், மாற்று ஆள் வராமல் நேற்றுக் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பதாகவும் நர்ஸ் முணுமுணுத்தாள். பொய்யில்லை. அந்த ஓட்டத்தை மகளும் பார்த்தவள்தான். பார்த்ததை மனசுக்குள் விடவில்லை.

"விட்டுடு பாப்பா," என்றான் அண்ணன். "அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"நீ கையெழுத்துப் போட்டுப் பாரு. அப்புறம் எனக்கு அண்ணனே கிடையாது."

அவன் பேனாவை மூடினான்.

புகாரை வாங்க வேண்டிய ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் பத்து மணிக்குத்தான் வருவாராம். அவர் அறை வாசலில் கிடந்த பெஞ்சில் கேஸ் ஷீட்டைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ் பின்னாலேயே வந்தாள்.

"அதை மட்டும் குடுத்துடுங்கக்கா. வேலை போயிடும்."

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கால் மாற்றி நின்றாள். பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. நர்ஸின் கண் அங்கே போயிற்று.

மகள் தன் தோளிலிருந்து பையைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தாள்.