மாமியார் அருவி

வரைபட அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குள் பெயரில்லாத ஓடையோ பாறையோ தென்பட்டால், வரைபவர் வாய்க்கு வந்த ஒரு பெயரைப் பென்சிலால் எழுதி வைப்பார். அளக்கப் போகிறவர்கள் ஒயர்லெஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இருக்கும் இடத்தைத் தெரிவிப்பார்கள். அச்சுக்குப் போகுமுன் ரப்பரால் அழித்துவிட்டால் ஆயிற்று.

ஆள் நடமாட்டமே இல்லாத அடர்காட்டின் நடுவே இருந்த அருவிக்கு, அங்கே வரைபவளாக இருந்த மருமகள் பெயர் வைத்ததும் அப்படித்தான். அன்று காலை துணி காயப்போட்டதில் ஆரம்பித்த மாமியாரின் பேச்சு, அவள் செருப்பு மாட்டும்வரை ஓயவில்லை. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த அருவி, கோடையிலும் ஓயாமல் இரையுமாம். கை தானாக எழுதிவிட்டது. அந்தக் காட்டை அளக்கக் கிளம்பிய அவள் கணவன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா கண்ணுல பட்டா நீ தொலைஞ்ச!"

இப்போது தொலைந்திருப்பவன் அவன்தான். மூடுபனி இறங்கியதிலிருந்து அவனிடமிருந்தும் கூடப்போனவரிடமிருந்தும் தகவலே இல்லை.

ஒயர்லெஸ் அறையில் மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் மருமகளால் தாங்க முடியவில்லை.

"அத்தை, ஏதாவது பேசுங்களேன். என்னைத் திட்டவாவது செய்யுங்க."

மாமியார் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

திடீரென்று பெட்டி கரகரத்தது. அவன் குரல்தான்! "கேக்குதா? ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

"எங்க இருக்கீங்க?" என்று கத்தினார் ஒயர்லெஸ்காரர்.

"மாமியார் அருவிக்குக் கீழ!"

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மறுபடியும் போனது. மகன் குரல் கேட்டதுமே பொலபொலவென்று அழ ஆரம்பித்திருந்த மாமியார், முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

"எந்த மாமியார்?"

ஒயர்லெஸ்காரர் சுத்தமாக இருந்த மேஜையை அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தார். பெட்டி மட்டும் விவரம் புரியாமல் பேசியது. "பனியில ஒண்ணுமே தெரியல. அருவிச் சத்தம் வந்த பக்கமாவே நடந்து வந்தோம். அந்தச் சத்தம் மட்டும் இல்லேன்னா செத்திருப்போம்."

"இப்பவே அழிச்சிடறேன் அத்தை," என்றாள் மருமகள். கை ரப்பரைத் தேடியது.

"தொட்டுத்தான் பாரேன்! ஓயாம கத்தினதாலதானே என் புள்ள பொழைச்சான்? மையில எழுது. நல்லாப் பெருசா எழுது."

அவள் மையில் எழுதினாள். அச்சிலும் அதே பெயர்தான் வந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தாள் மாமியார்: "ஆமா, துணிய உதறாம காயப்போட்டா சுருக்கம் எப்படிப் போகும்?" வீடு வரும்வரை அந்த வாய் மூடவில்லை. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.