வேற குடும்பம்

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். தேங்காயைக் கடையில் தட்டிப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்து மறுபடியும் தட்டிப் பார்ப்பேன். இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலைதான் வாய்த்திருக்கிறது.

இணையத்தில் ஆள் யாரென்று தெரியாமல் புழங்க ஒரு வலை இருக்கிறது. தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கணினியை ஓடவிடுவார்கள். நாம் அனுப்புவது மூன்று கணினிகள் கைமாறிப் போகும். முதல் கணினிக்கு அனுப்பியவர் இடம் தெரியும், கடைசிக் கணினிக்குப் போய்ச் சேரும் இடம் தெரியும். இரண்டும் ஒரே ஆள் கையில் இருந்தால் குட்டு உடைந்துவிடும். அதிகம் தாங்கும் கணினிக்கு அதிகக் கூட்டம் போகும். அதனால், எவ்வளவு தாங்கும் என்று சொந்தக்காரர் சொல்வதை நம்பாமல் அளந்து பார்ப்பது என் வேலை.

என் தோழி முனீஸ்வரி அழகர்கோவில் பக்கம் ஒரு கல்குவாரி ஆபீசில் இருக்கிறாள். குவாரிக்காரர்கள் கண்மாய்க் கரையை வெட்டுவதைப் படமெடுத்து, இந்த வலை வழியாகப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். பயப்படாமல் அனுப்பு என்று சொன்னவள் நான்தான். அவளுக்கு ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது.

போன மாதம் நம்மூர்க் கணினிகள் இரண்டு, முன்னைவிடப் பல மடங்கு தாங்குவதாகச் சொல்லித் திடீரென்று பெருத்தன. அளந்தேன், பொய்யில்லை. ஒன்று வாடிப்பட்டி பாண்டிராஜுடையது. மற்றது ஆரப்பாளையம் செல்வக்குமார் என்ற பெயரில். ஆளை நான் பார்த்ததில்லை. வாடிப்பட்டியில் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய அன்று இரண்டுமே படுத்துவிட்டன. ஆரப்பாளையத்தில் அன்று கரண்ட் இருந்தது. அப்படியென்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். பஸ் ஏறினேன்.

பாண்டிராஜின் செல்போன் கடைப் பின்னறையில் இரண்டு கணினிகளும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"ரெண்டும் இங்கதான் இருக்கா? அப்ப குடும்பம்ங்கிற எடத்துல ஏன் ஒண்ணும் எழுதல?" என்றேன்.

ஒரே கையில் இருக்கும் கணினிகளைக் குடும்பம் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் ஒரே பயணத்தில் இரண்டையும் வலை சேர்க்காது.

"அது செல்வக்குமார் மச்சானோடதுக்கா. எங்கக்காவக் கட்டிக்குடுத்த வீடு. அவுக எப்பிடி நம்ம குடும்பமாவாக? பங்காளின்னா எழுதியிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதற்கா இந்த வெயிலில் அலைந்தேன்!

"அட கிறுக்கா, மாமன் மச்சான் மொறையெல்லாம் இங்க வராதுடா."

"எனக்கும் டவுட்டு வந்துச்சுக்கா. 'பொண்ணெடுத்த வீடு எப்பிடி மாப்ள ஒரே குடும்பமாகும், எழுதாத'ன்னு மச்சான்தான் சொன்னாரு. ரெண்டு மிஷினும் அவரு வாங்கிக் குடுத்ததுதான். பாஸ்வேர்டும் அவருகிட்டதான் இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க மச்சானுக்கு எங்க வேலை?"

"அழகர்கோவில் பக்கம் கல்குவாரியில மேனேஜரு." பெருமையாகச் சொன்னான்.

இரண்டு பிளக்கையும் பிடுங்கி எறிந்தேன். "யக்கா, என்ன பண்றீக!" என்று அவன் அலறியதைக் காதில் வாங்காமல் முனீஸ்வரிக்கு ஃபோன் போட்டேன்.

"சுபா, காலையிலதான்டி புதுப் படமெல்லாம் அனுப்புனேன்," என்று கிசுகிசுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "இரு, மேனேஜர் கூப்பிடுறாரு. என்னமோ தெரியல, போனையும் கொண்டாரச் சொல்றாரு. போயிட்டு வாரேன்."

போகாதடி என்று நான் கத்துவதற்குள் வைத்துவிட்டாள்.